கூரையைப் பார்த்த எட்டு விளக்குகள்

தரையில் மண்டியிட்டு ஒருத்தி கண்ணாடி மணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் செத்து இன்னும் ஒரு நாள் முழுசாக ஆகவில்லை.

"எண்ணிப் போடு," என்றது சோபாவிலிருந்து ஒரு குரல். "ஒரு சரத்துக்கு நாப்பது மணி. ஒண்ணு குறைஞ்சாலும் திரும்ப வாங்க முடியாது."

வாசலில் நின்ற சில்லறை, தன் முதலாளியின் காதுப்பக்கம் குனிந்தான். "பாஸ், இது துக்க வீடா, பேக்கிங் செக்‌ஷனா?"

அந்த முதலாளிக்குப் பெயர் தராசு. யார் என்ன பேசினாலும் ஒரு பக்கம் தலையைச் சாய்த்து, எடை பார்ப்பது போலக் கேட்பார். துப்பறியும் தொழிலில் அவருக்கு அந்தப் பெயர் விழுந்தது அதனால்தான். உதவியாளனுக்குச் சில்லறை என்று பெயர் வந்த காரணத்தை யாரும் கேட்டதில்லை. வாய் எந்நேரமும் கலகலத்துக்கொண்டே இருக்கும், மொத்தமாகக் கூட்டிப் பார்த்தாலும் பெரிசாக ஒன்றும் தேறாது.

மணி இரண்டேகால். நாலு மணிக்குள் ஒரு மனிதனைக் காப்பாற்றியாக வேண்டும்.

அந்த மனிதன் விளக்கு மாட்டுகிறவர். உயரமான கூரை போட்ட வீடு எங்கே கட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எதையும் ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட மாட்டார் என்பதால் ரெட்டைக்கயிறு என்று பட்டப்பெயர். மூக்குக்கண்ணாடிக்கும் ரெண்டு கயிறு கட்டுவார் என்று கொத்தனார்கள் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவர் மாட்டிய சரவிளக்கு நேற்று சாயங்காலம் டைல்ஸ் முதலாளியின் தலையில் விழுந்து ஆளையே முடித்துவிட்டது. பார்த்தால் விளக்கில் ஒரே ஒரு கயிறுதான்.

"ரெண்டு கயிறு போட்டேன்னு சத்தியம் பண்றான்," என்று இன்ஸ்பெக்டர் காலையில் சொல்லியிருந்தார். "நானும் டார்ச் அடிச்சுப் பாத்தேன், மேல ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தறேன். அதுக்குள்ள அந்த ரெண்டாவது கயிறு எங்கன்னு காட்டினா விட்டுடறேன். இல்லேன்னா மாசக்கணக்குல உள்ளதான்."

லாக்கப் கம்பிக்குப் பின்னால் இருந்த ரெட்டைக்கயிறு, தன்னைப் பற்றிப் பேசாமல் தன் விளக்கைப் பற்றியே பேசினார். தொழில்காரன் புத்தி.

"மோட்டார்ல இறங்கற விளக்கு சார் அது. ரெண்டாவது கயிறு தனிப் பெட்டியில சுத்தியிருக்கும், கார் சீட் பெல்ட் மாதிரி. மெதுவா இழுத்தா கூடவே வரும். வெடுக்குனு இழுத்தா கவ்விக்கும். அந்தப் பெட்டியை என் கையாலதான் கூரையில மாட்டினேன்." பிறகு, கேட்காமலே, "மேல எட்டு விளக்கு வெச்சிருக்கேன், கூரையைப் பாத்த மாதிரி. அதைப் போட்டுப் பாருங்க," என்றார்.

இப்போது அந்தக் கூரையின் கீழே நின்றார்கள். இருபத்துநான்கு அடி உயரம். இரண்டு பக்கச் சுவரும் மேலே போகப் போக வளைந்து நடுவில் வில்லாகக் கூடியிருந்தன. ஜன்னல்களோ ஆள் உயரத்தோடு நின்றுவிட்டன. அவற்றிலும் கனத்த திரை. சோபா ஓரத்தில் ஒரு நிற்கும் விளக்கு, சுவரில் நாலு விளக்கு, எல்லாம் தரையைப் பார்த்தே எரிந்தன. நிமிர்ந்து பார்த்தால் கிணற்றைக் கவிழ்த்து வைத்தது போல இருட்டு.

"திரையை விலக்கலாமா?" என்றார் தராசு.

"கார்ப்பெட் வெளுத்துடும்," என்றாள் சோபாவில் இருந்தவள். செத்தவரின் அக்கா. அம்மா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். இவர்கள் வந்து ஐந்து நிமிடத்துக்குள் அதை மூன்று முறை சொல்லிவிட்டாள். "அந்தக் கயிறு திருடனுக்காகவா வந்திருக்கீங்க? அவன் உள்ளேயே கெடந்து மக்கட்டும். வந்தாச்சு, பாத்தாச்சு, கிளம்புங்க."

"இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் வந்தோம்மா. அரை மணி நேரம்." தராசு தரையில் இருந்தவள் பக்கம் திரும்பினார். "நேத்து என்ன நடந்துச்சும்மா?"

அவள் தலை நிமிரவில்லை. சுட்டுவிரலில் ஒரு துணிக்கட்டு. "மாசம் ஒரு தடவை விளக்கை இறக்கித் துடைப்போம் சார். சமையல்காரர் உள்நடையில நின்னு பட்டனை அமுக்குவாரு, நான் கீழ நின்னு மணியெல்லாம் துடைப்பேன். நேத்தும் சமையல்காரர் உள்ள நிக்கறாருன்னு நினைச்சுத் துடைக்க நின்னேன். பக்கத்துச் சுவர் விளக்குல கை பட்டு விரலைக் கிழிச்சிடுச்சு. இவரு, நீ போய்க் கழுவிட்டு வா, நான் நிக்கறேன்னாரு. குழாயைத் திறந்தேன். சத்தம் கேட்டுச்சு."

"அவர் தலையில துண்டு கட்டியிருந்தாராமே?"

"என் துண்டுதான். ஏப்ரனும் என்னோடதுதான்." அவ்வளவோடு நிறுத்திக்கொண்டு ஒரு மணியைப் பையில் போட்டாள்.

"பட்டனை அமுக்கினது சமையல்காரரா?"

கதவோரம் நின்ற சமையல்காரர் பதறிப்போனார். "நான் இல்லீங்க. அக்காவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்தா தெருவே கூடியிருக்கு."

"எங்க வீட்டுக்காரரேதான் அமுக்கிட்டு வந்து நின்னிருப்பாரு சார்," என்றாள் தரையில் இருந்த இளையவள். "அது பாட்டுக்கு இறங்கட்டும்னு. எப்படியும் கீழ வர அஞ்சு நிமிஷம் ஆகும்."

"அஞ்சு நிமிஷமாம்," என்றாள் அக்காக்காரி. தம்பி பெண்டாட்டி வாயிலிருந்து வந்தது எதுவும் சரியாக இருந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. "மூணு வருஷமா கீழ நின்னு மணியை ஆட்டறா, அது இறங்க பத்து நிமிஷம் ஆகும்னு தெரியல. கட்டை விரல் மரத்துப்போயிடும். இதுகிட்ட குடும்பத்தைக் கொடுத்தான் என் தம்பி."

"நீங்க நேத்து எங்க இருந்தீங்கம்மா?"

"மாடியில. தலைவலின்னு சொன்னானே, காது கேக்கலியா? அந்த விளக்கு பக்கமே நான் போறதில்ல. இவ ஆசைப்பட்டு வாங்கின சனியன் அது."

தராசின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சில்லறைக்கு அந்தச் சாய்வு தெரியும். தட்டில் ஏதோ விழுந்திருக்கிறது, என்னவென்றுதான் புரியவில்லை.

"கூரை விளக்கைப் போடு," என்றார்.

சில்லறை சுவரில் இருந்த சுவிட்சுகளை வரிசையாகத் தட்டினான். கடைசி சுவிட்சுக்கு மட்டும் எதுவும் எரியவில்லை. "இதுதான் பாஸ். எட்டும் அவுட்."

"பியூஸ் போயிருக்கும்," என்றாள் அக்காக்காரி.

"ஒண்ணு போனா பியூஸ்," என்றான் சில்லறை. "எட்டும் ஒண்ணா போனா அது சங்கம் வெச்சு பண்ற ஸ்டிரைக்கும்மா."

சமையல்காரர் பின்கட்டிலிருந்து ஏணி கொண்டுவந்தார். ஏறியது சில்லறை. பத்தாவது அடியில், சுவரும் வளைவும் சேரும் இடத்தில், ஒரு நீள விளிம்பு ஓடியது. அதன் பள்ளத்தில் விளக்குகள் மல்லாந்து படுத்திருந்தன. முதல் பல்பைத் தொட்டான். ஆடியது. அரைச் சுற்றுத் திருகினான்.

பளிச்சென்று எரிந்தது.

"பாஸ். கெட்டுப்போகல. கழட்டி விட்டிருக்காங்க."

ஏணியை எட்டு இடத்தில் மாற்றி வைத்து எட்டு முறை ஏறி இறங்கினான். நாலாவது ஏற்றத்தில் முட்டி முனகியது. ஆறாவதில் இவன் முனகினான். ஒவ்வொரு பல்பும் அதே அரைச் சுற்று. எட்டாவது எரிந்ததும் கூடத்துக்கு வேறு ஒரு முகம் வந்தது. வெளிச்சம் கூரையில் பட்டு, வளைவெல்லாம் வழுக்கி, கீழே இருந்தவர்கள் மேல் மெத்தென்று இறங்கியது. இத்தனை நேரம் நெற்றியும் மூக்கு நுனியுமாக மட்டும் தெரிந்தவர்களுக்குக் கண் முளைத்தது. இளையவளின் கன்னத்தில் காய்ந்த உப்புக்கோடு. சமையல்காரருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அக்காக்காரி மட்டும் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள்.

தராசு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரை உச்சியில் மோட்டார். அதிலிருந்து தொங்கிய, அறுந்த கம்பிக்கயிறு. அதற்கு ஒரு சாண் தள்ளி, தந்த நிறக் கூரையில் சதுரமாக ஒரு திட்டு, மற்ற இடத்தைவிட ஒரு படி வெள்ளையாக. அதன் நாலு மூலையிலும் பட்டி வைத்து அடைத்த நாலு ஓட்டை.

"இன்ஸ்பெக்டரோட டார்ச்சுக்கு அந்த உயரத்துல வெள்ளையும் மஞ்சளும் ஒண்ணுதான்," என்றார் தராசு. "பெட்டி அங்கதான் இருந்திருக்கு. யாரோ கழட்டிட்டு, மேல பூசிட்டு, யாரும் நிமிர்ந்து பாக்கக் கூடாதுன்னு கூரையையே இருட்டாக்கியிருக்காங்க. சமையல்காரரே, அவ்வளவு உயரத்துக்கு சாரம் கட்டாம போக முடியாது. எப்ப கட்டினாங்க?"

சமையல்காரர் அக்காக்காரியைப் பார்த்தார். "மூணு வாரம் முன்னாடிங்க. சின்னம்மா அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப. ஒட்டடை அடிக்கன்னு."

"தம்பிதான் வரச் சொன்னான்," என்றாள் அக்காக்காரி, கேட்பதற்கு முன்பே.

"சாரம் கட்டினவர் நம்பர் இருக்கா?" சமையல்காரர் தன் போனில் தேடி எடுத்துக் கொடுத்தார். தராசு அதைச் சில்லறையிடம் நீட்டினார். "வெளியில போய்ப் பேசு. கூரையை போட்டோ எடுத்து இன்ஸ்பெக்டருக்கும் அனுப்பு."

சில்லறை திரும்பி வந்தபோது கூடத்தில் காற்று இறுகியிருந்தது. இளையவள் தரையிலேயே உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, தராசையே பார்த்தபடி இருந்தாள்.

"மாசா மாசம் இந்த விளக்குக்குக் கீழ நிக்கறது நீங்கதான்," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க ஊருல இல்லாத வாரம் பெட்டியைக் கழட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் முதல் தடவை துடைக்கறதுக்காக விளக்கு இறங்கினது நேத்து. குறி உங்களுக்குத்தாம்மா. சாரத்தைக் கூப்பிட்டது உங்க வீட்டுக்காரர்னா, அவர் வெட்டின குழியில அவரே விழுந்துட்டாருன்னு ஆகுது."

"அவரா?" என்றாள் அவள்.

தராசு அக்காக்காரி பக்கம் திரும்பினார். "உங்க தம்பி அப்படிச் செய்யற ஆளாம்மா?"

சில்லறை அவள் முகத்தையே பார்த்தான். எட்டு விளக்கு வெளிச்சத்தில் அங்கே நடந்த கணக்கு அப்படியே தெரிந்தது. வளர்த்த தம்பி ஒரு பக்கம், தன் கழுத்து இன்னொரு பக்கம். அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"இருக்கும்," என்றாள். "இவளோட படாத பாடு பட்டான். அடுத்த மாசம் தனிக்குடித்தனம் போகணும்னு நச்சரிச்சா. வெளியில சொல்ல முடியாம உள்ளுக்குள்ள வெச்சிருந்தான். செஞ்சிருப்பான்."

இளையவளின் கையிலிருந்து இரண்டு மணி நழுவி உருண்டது. அவள் பொறுக்கவில்லை.

"சில்லறை, என்ன சொன்னாரு சாரக்காரர்?"

சில்லறைக்கு வாயில் இரண்டு ஜோக் ரெடியாக இருந்தது. இரண்டையும் முழுங்கினான். "கூப்பிட்டது ஒரு அம்மாவாம் பாஸ். ரெண்டு கயிறு தொங்கறது தூக்கு மேடை மாதிரி இருக்கு, ஒண்ணைக் கழட்டுன்னாங்களாம். போகும்போது கூரை லைட்டையும் லூஸ் பண்ணிட்டுப் போ, கண்ணு கூசுதுன்னாங்களாம். பெட்டி இன்னும் அவர் ஷெட்லதான் கெடக்காம். இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பிட்டாரு, அவரும் கிளம்பிட்டாரு. ரெட்டைக்கயிறு இன்னிக்கு வீட்டுல சாப்பிடுவாரு."

"அழகுக்குக் கழட்டினேன்," என்றாள் அக்காக்காரி. குரல் அசையவில்லை. "தம்பிகிட்ட கேக்காம செஞ்சதால உங்ககிட்ட அவன் பேரைச் சொன்னேன். அழகு பாக்கறது குத்தமா? கயிறு தானா அறுந்தது. அவன்தான் பட்டனை அமுக்கிட்டுப் போய் நின்னான். இவளே சொன்னாளே."

"சொன்னாங்க." தராசு உள்நடையை நோக்கி நடந்தார். அங்கே சுவரலமாரியின் கதவைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு கறுப்பு பட்டன். அமுக்கினார். உச்சியில் மோட்டார் உறுமியது. விரலை எடுத்தார். நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினார், எடுத்தார். உறுமல், மௌனம்.

"ரெட்டைக்கயிறு வேலை," என்றார். "விரல் இருக்கற வரைக்கும்தான் ஓடும். விளக்கு இறங்கும்போது ஒரு ஆள் இங்கேயே நின்னாகணும்னு அப்படி வெச்சிருக்காரு. இங்கேருந்து விளக்குக்குக் கீழ இருபது அடி. அமுக்கிட்டுப் போய் நிக்க உங்க தம்பிக்கு இருபது அடியில கை இல்ல."

அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்.

"அமுக்கிட்டு வந்து நின்னிருப்பாருன்னு இவங்க சொன்னாங்க. அதுலயே இவங்க இந்தப் பட்டனைத் தொட்டதில்லன்னு தெரிஞ்சுபோச்சு. தொட்டிருந்தா அப்படி ஒரு பேச்சு வாயில வராது. ஆனா விளக்கு பக்கமே போகாத நீங்க, அது இறங்கறதுக்குள்ள கட்டை விரல் மரத்துப்போகும்னு சொன்னீங்க. மாடியில படுத்திருந்தவங்களுக்குக் கட்டை விரல் எதுக்கும்மா மரத்துச்சு?"

அக்காக்காரியின் வலது கை, தன்னையறியாமல், முந்தானைக்குள் போனது.

"இவங்க ஊருல இல்லாதப்ப ஒரு தடவை தனியா இறக்கி, கயித்தை முக்கால்வாசி அராவி, மறுபடி ஏத்தியிருக்கீங்க. பத்தும் பத்தும் இருபது நிமிஷம். அந்த வலி மறக்குமா? நேத்து சமையல்காரரைக் கடைக்கு அனுப்பிட்டு இங்க வந்து நின்னீங்க. அமுக்கி அமுக்கி விட்டீங்க. ஒவ்வொரு தடவையும் விளக்கு ஒரு உதறு உதறும். அராவின கயிறு எத்தனை உதறு தாங்கும்?"

"பாஸ்," என்றான் சில்லறை மெதுவாக. "நின்னது தம்பின்னு பாத்திருப்பாங்களே."

"எப்படித் தெரியும்? விளக்கு இறங்க ஆரம்பிச்சதும் மேல இணைப்பு விட்டுடும், அதோட வெளிச்சமும் போயிடும். திரை மூடியிருக்கு. கூரை விளக்கு எட்டையும் இவங்களே அணைச்சு வெச்சிருக்காங்க. மிச்சம் இருந்தது தரையைப் பாத்த அந்த ஓரத்து விளக்கும் சுவர் விளக்கும்தான். அதுல ஒரு துண்டு தெரியும், ஒரு ஏப்ரன் தெரியும். மூஞ்சி தெரியாது. அந்த ஆள் லாக்கப்புல உக்காந்து சொன்னாரு, எட்டு விளக்கைப் போட்டுப் பாருங்கன்னு. போட்டதும் நாம எல்லாருக்கும் கண்ணு மூக்கு வந்துச்சு. நேத்து போட்டிருந்தா தம்பிக்கும் வந்திருக்கும்."

அக்காக்காரி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "அவன் ஏன் அங்க நின்னான்?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "ஒரு தம்ளரை எடுத்து வெக்க மாட்டான். நான் வெக்க விட்டதில்ல. அவன் ஏன் போய் துடைக்க நின்னான்? இவ துண்டை ஏன் தலையில கட்டினான்?"

"அதை நான் சொல்றேன் அண்ணி," என்றாள் இளையவள்.

அவள் எழுந்து நின்றபோதுதான் சில்லறை கவனித்தான். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே உயரம்.

"விரல்ல ரத்தம் வந்ததும் துடைக்கற துணியைப் புடுங்கிக்கிட்டாரு. நான் வேணாம்னேன். அண்ணி பாத்தா, பொண்டாட்டிக்கு வேலை செய்யறியான்னு ஒரு வாரத்துக்கு உங்களைக் கிழிப்பாங்கன்னேன். சிரிச்சாரு. உன் துண்டைக் கொடு, ஏப்ரனையும் கொடுன்னாரு. போட்டுக்கிட்டு என்னை மாதிரியே இடுப்பை வளைச்சு நின்னு காமிச்சாரு." விரலின் துணிக்கட்டை இறுக்கிக்கொண்டாள். "அக்கா எட்டிப் பாத்தாலும் நீதான்னு நினைச்சுக்கட்டும்னு சொன்னாரு. நினைச்சுட்டீங்க."

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி மூன்று பத்து.

"அந்த லைட்டை அணைங்க," என்றாள் அக்காக்காரி. கண்ணைப் பொத்தியிருந்த விரல்களின் நடுவே குரல் வந்தது. "கூசுது. அணைச்சுடுங்க."

சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றது சில்லறைதான். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

இளையவள் சோபாவுக்கு நடந்து போனாள். மணிப் பையைத் தலைகீழாகப் பிடித்து நாத்தனாரின் மடியில் கொட்டினாள். பாதி மடியில் தங்கியது, பாதி கார்ப்பெட்டில் சிதறியது.

"எண்ணிப் பாருங்க அண்ணி," என்றாள். "ஒண்ணு குறையும். திரும்ப வாங்க முடியாது."